நாளைக்கு எழுதிவைத்த மூச்சு

தாளில் எழுதிவைப்பது என்றால் நேற்று நடந்ததை எழுதலாம். மிஞ்சிப்போனால் இன்று நடந்ததை எழுதலாம். புதன்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு மஞ்சுளா கையில் வைத்திருந்த தாளில் வெள்ளிக்கிழமை வரை எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

வியாழன், 96. வெள்ளி, 95.

முதலில் அவள் தன்மேல்தான் சந்தேகப்பட்டாள். கம்பெனியில் வாரம் மாறி வாரம் ஷிப்ட் பார்ப்பவளுக்குக் கிழமை குழம்புவது புதிதில்லை. செல்போனைப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, புதன்தான்.

அது அவள் அம்மா மரகதத்தின் மூச்சு. விரல் நுனியில் மாட்டும் சின்னக் கருவி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று ஓர் எண்ணைக் காட்டும். தினமும் காலையில் அதைத் தாளில் குறிக்க வேண்டும். மஞ்சுளா அதை ஆஸ்பத்திரி ஆப்பில் ஏற்றுவாள். சென்னையில் டாக்டர் இசைவாணி அதைப் பார்த்துவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீடியோவில் பேசுவார். ஆறு மாதமாக இதுதான் ஏற்பாடு.

இந்த ஏற்பாடு வந்ததற்கு ஒரு கதை உண்டு. இருங்காட்டுக்கோட்டை ரூம்களில் தங்கியிருந்த கம்பெனி ஆட்களுக்கு இருபது வருஷம் விறகடுப்பில் இட்லி அவித்துப் போட்டவள் மரகதம். அடுப்பு போய் கேஸ் வந்தது, புகை மட்டும் அவள் நெஞ்சை விட்டுப் போகவில்லை. மாதம் ஒருமுறை சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. வீடு இருந்த பிள்ளைப்பாக்கத்திலிருந்து போக இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டரை. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி. மூச்சு டாக்டரைப் பார்த்துவிட்டு வீடு வந்தால் அடுத்த நாலு நாளைக்கு அவளால் மூச்சு விட முடியாது.

"மாசத்துக்கு நானூறு பேர் எங்கிட்ட வர்றீங்க" என்று டாக்டரே ஒருநாள் சொல்லிவிட்டார். "நானூறு வண்டி. ரோட்டுல புகைய விட்டுக்கிட்டு, அந்தப் புகையவே குடிச்சுக்கிட்டு வந்து, எங்கிட்ட மருந்து கேக்குறீங்க. பாதிப் பேர் வீட்டுல இருந்தே பேசினா உங்க நெஞ்சுக்கும் நல்லது, அந்த ரோட்டோரத்துல குடியிருக்கிறவங்க நெஞ்சுக்கும் நல்லது."

இதில் மனம் நொந்துபோனது ஒரே ஆள்தான். மஞ்சுளாவின் அப்பா பாண்டுரங்கன். கான்ட்ராக்டரிடம் கம்பெனி மினி பஸ் ஓட்டுபவர். மாதா மாதம் அந்தப் பதினெட்டு சீட் வண்டியைக் கேட்டு வாங்கி, ஒற்றைப் பயணியை முன்சீட்டில் உட்காரவைத்து ஓட்டிப்போனவர். வழியில் ஒரு நெய் ரோஸ்ட், திரும்பும்போது ஒரு முழம் கனகாம்பரம். அது போனபின் 'போன் வைத்தியம்' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்தத்தான் காலையில் எண் பார்த்து எழுதும் பொறுப்பை மஞ்சுளா அவரிடம் கொடுத்தாள். அவரும், வண்டி ஓடிய கணக்கை எழுதும் தன் பழைய ட்ரிப் ஷீட் தாள்களைப் பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு மாட்டி, 'புறப்பட்ட கி.மீ.' கட்டத்தில் பெண்டாட்டியின் ஆக்சிஜனை எழுத ஆரம்பித்தார்.

ட்ரிப் ஷீட் விஷயத்தில் டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சூப்பர்வைசருக்குக் கட்டங்கள் நிரம்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப்பின் ஈசி சேரில் சாய்ந்து, வரப்போகும் வாரம் முழுக்க ஓட்டி முடித்துவிடுவார்கள், தாளில்.

அந்த வழக்கம் இப்போது மஞ்சுளாவின் கண்முன்னால் இருந்தது. சென்ற மூன்று வாரமாக 95, 96, 95. எண் நன்றாக ஏறியிருக்கிறது என்று சொல்லி, இரண்டு வாரம் முன்னால் டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்தினார். அதை நம்பித்தான், லைன் லீடர் பயிற்சிக்கு ஆறு மாதம் ஓசூர் போக மஞ்சுளாவும் மனதுக்குள் சம்மதித்திருந்தாள். இன்று இரண்டு மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

பதினொன்றுக்கு டாக்டர் பேசுவார், தாளைப் படம் எடுத்து அனுப்பவும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்திருக்காவிட்டால், அவள் இன்றும் கடைசி எண்ணை மட்டும் பார்த்து ஏற்றிவிட்டு ஷிப்டுக்குப் போயிருப்பாள்.

அட்டையோடு அறைக்குள் ஓடினாள்.

மரகதம் கட்டிலில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. நேற்று ஷிப்ட் முடிந்து இரவு வந்தபோதும் அம்மா இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். "புழுக்கம்" என்றாள். மஞ்சுளாவும் ஃபேனைக் கூட்டிவிட்டுப் படுத்துக்கொண்டாள். இப்போது நினைத்தால் தன்னையே அறையலாம் போலிருந்தது.

"விரலக் குடும்மா."

"வேணாம்… மஞ்சு… அப்பறம்…"

மூன்று சொல்லுக்கு மூன்று மூச்சு. மஞ்சுளா விரலைப் பிடித்து இழுத்துக் கருவியை மாட்டினாள். எண் தடுமாறி நின்றது. 86.

கழற்றி இன்னொரு விரலில் மாட்டினாள். 86.

"அப்பா" என்று அவள் கூப்பிட்ட குரலில், காலை டிரிப் முடித்துவிட்டு வாசலில் பல் குத்திக்கொண்டிருந்த பாண்டுரங்கன் செருப்போடு உள்ளே வந்துவிட்டார்.

"இன்னா பாப்பா?"

"எம்பத்தாறு கீது. நீ தொண்ணூத்தஞ்சுன்னு எழுதிக்கிற. இன்னிக்கு மட்டுமா? நாளைக்கும் எழுதிக்கிற, நாளான்னிக்கும் எழுதிக்கிற. இது இன்னா ட்ரிப் ஷீட்டாப்பா? அம்மாவோட உயிரு."

பாண்டுரங்கன் அட்டையை வாங்கினார். கண்ணாடி இல்லாமல் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு தாளுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. தாளிலிருந்து கண்ணை எடுத்து மனைவியைப் பார்த்தார். மரகதம் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றார் அவர். "நான்தான் எழுதுனேன்."

"எதுக்குப்பா?"

"பழக்கம். கை அதுபாட்டுக்கு எழுதிக்கினு பூட்சி."

மஞ்சுளாவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கோபப்பட அப்போது நேரமும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றாக எட்டு நிமிஷம் இருந்தது.

"வண்டி வாசல்லயே கீது" என்றார் பாண்டுரங்கன். அந்த ஆளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. "முன்சீட்ல சாச்சி உக்கார வச்சிக்கலாம். பன்னெண்டரைக்குள்ள மெட்ராஸ். போன்ல இன்னாத்தப் பாப்பாங்க? நாடிய தொட்டாத்தான் தெரியும்."

"டாக்டரு எட்டு நிமிசத்துல வருவாங்கப்பா."

"எட்டு நிமிசத்துல நான் கூட்ரோட்டத் தாண்டிடுவேன்."

"தாண்டி? இந்நேரத்துக்கு லாரிங்க பின்னாடி மாட்டிக்கினா? போன தபா நல்லா கீறப்பவே அந்த ரோட்டுல இழுத்துக்கிச்சி."

"பெத்தவ துடிக்கிறா, உனக்கு போன் கேக்குது."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. அவர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவள் செல்போனை எடுத்து, சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்தாள். ஆப்பைத் திறந்தாள். 'உங்களுக்கு முன் மூன்று பேர் இருக்கிறார்கள்' என்றது.

மூன்று பேர். அந்த மூன்று பேரும் வீட்டில் சொகுசாக உட்கார்ந்து டாக்டரோடு பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது. அவசரம் என்று ஒரு சிவப்புப் பொத்தான் கீழே இருந்தது. ஆறு மாதமாக அதைத் தொடும் வேலை வந்ததில்லை. தொட்டாள். 'காத்திருக்கவும்.'

பத்து ஐம்பத்தைந்து. அம்மாவின் உதட்டோரம் நாவல்பழம் தின்றதுபோல நிறம் மாறியிருந்தது. அவள் எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்ல மூச்சில்லாமல் தலையை மட்டும் ஆட்டினாள். வெளியே மினி பஸ் உறுமி நின்றது, மறுபடி உறுமியது. கிளம்பிவிடலாமா என்று ஒரு கணம் மஞ்சுளாவுக்கே தோன்றிவிட்டது. அப்பா சொன்னது சரியாக இருந்துவிட்டால்? இந்தத் திரையை நம்பி உட்கார்ந்து, அம்மாவை இழந்துவிட்டால்? பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் நடப்பது?

திரை விழித்தது.

"மஞ்சுளா, அவசரம்னு அமுக்கியிருக்கீங்க. அம்மாவைக் காட்டுங்க. முகம் மட்டும் போதாது, நெஞ்சும் தெரியணும்."

டாக்டர் இசைவாணி மரகதத்தின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். அரை நிமிஷம். மஞ்சுளாவுக்கு அது அரை மணி.

"மூச்சு நிமிஷத்துக்கு முப்பதுக்கு மேல போகுது. கருவிய கேமரா பக்கம் காட்டுங்க. எம்பத்தாறு, சரி. அது என்ன பின்னால சத்தம்?"

"அப்பா வண்டிய ஸ்டார்ட் பண்ணி வச்சிக்கிறாரு மேடம். அங்க கூட்டியாறதுக்கு."

"வண்டி எங்க நிக்குது?"

மஞ்சுளா திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளாக அவள் பார்த்தும் பார்க்காத ஒன்று. மினி பஸ்ஸின் பின்பக்கம் ஜன்னலை ஒட்டி நின்றது. சைலன்சரிலிருந்து நீலமாகப் புகை கிளம்பி, ஜன்னல் கம்பிகளுக்குள் புகுந்து, கட்டிலை நோக்கி வந்துகொண்டிருந்தது. தினமும் காலை நாலரைக்கு இன்ஜின் சூடாகட்டும் என்று பத்து நிமிஷம் ஓடவிடும் இடம் அது.

"ஜன்னலுக்கு… வெளியதான் மேடம்."

"முதல்ல அதை அணைக்கச் சொல்லுங்க. இப்பவே."

மஞ்சுளா கம்பியில் முகத்தை வைத்து, "வண்டிய ஆஃப் பண்ணுப்பா. அம்மாவுக்குப் புகை" என்றாள். இன்ஜின் உடனே நின்றது. வாசலில் திடீரென்று அப்படியொரு அமைதி.

"இப்போ நான் சொல்றத மட்டும் செய்யுங்க" என்றார் டாக்டர். "முன்னால ஒரு ஸ்டூல் போட்டு தலகாணி வைங்க. அம்மா முழங்கைய அதுமேல ஊன்றிக் குனிஞ்சு உக்காரட்டும். மூச்சுல மருந்து இழுக்கிற நீல பம்ப்பைக் குழாயில மாட்டி ஒண்ணு ஒண்ணா நாலு தடவை. நடுவுல அவசரம் வேண்டாம். மரகதம்மா, மூக்கால இழுத்து, உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதுங்க. சுடு காபிய ஆத்துற மாதிரி."

ஒன்று. இரண்டு. மூன்று. மஞ்சுளா பம்ப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான்கு. கருவி 87 என்றது. பிறகு 88. பிறகு 88-லேயே பிடிவாதமாக நின்றது.

"மஞ்சுளா, எனக்கு ஒண்ணு தெரியணும். நேத்து வரைக்கும் தொண்ணூத்தஞ்சு போட்டிருக்கீங்க. ஒரே நாள்ல இவ்வளவு இறங்காது. கால் வீங்கியிருக்கு, கழுத்து நரம்பு புடைச்சிருக்கு. இது ஒரு வாரமாவது நடந்துகிட்டிருக்கணும். அந்த நம்பரை நம்பித்தான் நான் மாத்திரைய நிறுத்தினேன்."

சொன்னால் அப்பா குற்றவாளி. சொல்லாவிட்டால் தப்பான மருந்து.

"அது வந்து மேடம்…"

"நான் சொல்றேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஆறு மாதத்தில் ஒருமுறைகூட அந்தத் திரைக்கு முன்னால் வராத பாண்டுரங்கன் வந்து நின்றார். கையில் வண்டிச் சாவி. சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டிருந்தார், ஆர்டிஓ ஆபீசுக்குப் போவதுபோல.

"அந்த நம்பரெல்லாம் பொய்யிம்மா. நான்தான் எழுதுனேன். பொண்ணுக்குத் தெரியாது. என்ன எது வேணா கேளுங்க, அவளுக்கு வைத்தியம் மட்டும் பாத்துடுங்க."

டாக்டர் திட்டப்போகிறார் என்று மஞ்சுளா காத்திருந்தாள்.

"இப்பவாவது சொன்னீங்களே, நல்லது" என்றார் அவர். "அய்யா, நீங்க இங்க கூட்டிட்டு வரணும்னு நினைக்கிறீங்க. வேண்டாம். இந்த மூச்சோட அந்த ரோட்டுல ரெண்டு மணி நேரம் தாங்க மாட்டாங்க. நூத்தியெட்டைக் கூப்பிடுங்க, அதுல ஆக்சிஜன் இருக்கும். ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனை உங்களுக்குப் பத்து நிமிஷம். அங்க டூட்டி டாக்டர்கிட்ட நான் பேசிடுறேன், நிறுத்தின மருந்தை ஊசியா போடச் சொல்றேன். ஆக்சிஜனைக் கண்டபடி கூட்டக்கூடாது, தொண்ணூறு தொட்டா போதும், அதையும் சொல்லிடுறேன். அந்தத் தாளையெல்லாம் கையோட எடுத்துட்டுப் போங்க. பொய்னாலும் எடுத்துட்டுப் போங்க. எந்தத் தேதியிலிருந்து பொய்னு எனக்குத் தெரியணும்."

பாண்டுரங்கன் கையெடுத்துக் கும்பிட்டார். திரைக்குக் கும்பிடுகிறோமே என்று அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் பதினான்கு நிமிஷத்தில் வந்தது. தெருவுக்குள் நுழைய முடியாமல் மினி பஸ் குறுக்கே நின்றது. பாண்டுரங்கன் வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எதிர்வீட்டு ஆட்களைத் தள்ளச் சொல்லி, தெருக்கோடி வரை உருட்டிக்கொண்டே போனார். முப்பது வருஷ டிரைவர் வண்டியைத் தள்ளவைத்து நகர்த்தியதை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது.

பிற்பகல் ஒன்றரை மணிக்கு மரகதத்தின் விரலில் 90 நின்றது.

ஊசி ஏறியிருந்தது. முகமூடிக்குள் ஆக்சிஜன் சன்னமாகச் சீறியது. தோள் இப்போது அவ்வளவு ஏறி இறங்கவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று டூட்டி டாக்டர் ஆரம்பித்து, மஞ்சுளாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார். பாண்டுரங்கன் வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

நர்ஸ் வந்து கை நீட்டினாள். "அந்த ஷீட்டெல்லாம் குடுங்கம்மா. போட்டோ எடுத்து உங்க மெட்ராஸ் டாக்டருக்கு அனுப்பணுமாம். கிளிப்பக் கழட்டிக் குடுங்க, மேல மறைக்குது."

மஞ்சுளா பரீட்சை அட்டையின் கிளிப்பை அழுத்தித் தாள்களை உருவினாள். ஆறு மாதமாக அந்த இரும்புக் கிளிப் மறைத்துக்கொண்டிருந்த மேல்பகுதி வெளியே வந்தது.

அடியில் இருந்த தாள்களின் தலைப்பில் ஒன்றும் இல்லை. வாரத் தேதி, அவ்வளவுதான். எண்கள் 91, 92, 91, 90. ஒவ்வொரு நாளும் வேறு வேறு அழுத்தத்தில், சில நாள் கறுப்பு மையில், சில நாள் நீலத்தில். அன்றன்று பார்த்து, அன்றன்று எழுதியவை. அப்பா ஒருநாள்கூடக் கள்ள ட்ரிப் ஓட்டவில்லை.

மேலே இருந்த மூன்று தாள்கள் வேறு. மூன்றின் தலையிலும் நடுவில் சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி.

மளிகைச் சீட்டானாலும், பால் கார்டானாலும், கேஸ் புக்கின் மூலையானாலும் அந்தச் சுழி இல்லாமல் பேனா எடுக்காத ஒரே ஆள் அந்த வீட்டில் யாரென்று மஞ்சுளாவுக்குத் தெரியும். பொய் எழுத உட்கார்ந்தபோதும் அம்மா பிள்ளையாரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் எழுதியிருந்தாள். வாரத்துக்கும் சேர்த்து எழுதும் வித்தையை மட்டும் புருஷனிடம் கற்றுக்கொண்டிருந்தாள்.

முதல் சுழி போட்ட தாளின் தேதியைப் பார்த்தாள். ஓசூர் கடிதத்தைக் கொண்டுவந்து, "அம்மா, நீ நல்லா இருந்தாத்தான் நான் போவேன்" என்று அவள் சொன்ன வாரம்.

தாள் கண்ணுக்கு முன்னால் கலங்கியது. வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். அவர் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த தாள்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"உங்கம்மாதான், காலீல தூக்கத்துல எழுப்பாத, நானே பாத்து எழுதிக்கிறேன்னா" என்றார், தரையைப் பார்த்தபடி. "அட்டைய நான் குடுத்துட்டேன் பாப்பா. அதான் என் தப்பு. அத நான் ஒத்துக்கினேன்."

செல்போன் அடித்தது. அவள் லைனில் வேலை பார்க்கும் தங்கமாரி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரி.

"எங்க இருக்கட்டி? பஸ்ஸுல நீ ஏறலையே. ரெண்டு மணி ஆவப்போவுது, போனைக் கேட்டுல குடுத்துட்டு உள்ள போவணும். அதுக்கு முன்ன சொல்லிரு. ஓசூர் லிஸ்ட்ல ஒம் பேரப் போடச் சொல்லவா, வேண்டாமா?"

மஞ்சுளா போனைக் காதில் வைத்தபடி அம்மாவின் பக்கம் திரும்பினாள். தங்கமாரி மறுமுனையில், "ஏட்டி, லைன்ல இருக்கியா?" என்றாள்.

கட்டிலில் அசைவு. மரகதம் கண்ணைத் திறந்திருந்தாள். மகளின் மடியில் கிடந்த மூன்று தாள்களையும், காதில் இருந்த போனையும் பார்த்தாள். ஊசி குத்தியிருந்த கையை மெல்லத் தூக்கி, முகமூடியை விரலால் சற்றே விலக்கினாள்.

"ஓசூருக்குப் பேரு குடுத்துட்டியா, மஞ்சு?"

அன்று காலையிலிருந்து அவள் நடுவில் மூச்சு வாங்காமல் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.